செஞ்சியின் நான்காவது குன்று

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் படித்து இப்போது கல்லூரிக்குப் போகும் நான்கு பேர் போன மாதம் வந்திருந்தார்கள். கல்லூரிச் சுற்றுலா, சிம்லா, குலு, மணாலி. "அக்கா, அங்க என்னென்ன கோட்டை, மியூசியம் பாக்கணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க" என்றார்கள். காங்ரா கோட்டை, சிம்லாவில் வைஸ்ராய் மாளிகை, மாநில அருங்காட்சியகம் என்று எழுதிக் கொடுத்தேன். கடைசியில் ஒரு சொல்லையும் எழுதினேன்: பேகார்.

சிம்லா மலைக்காரர்களைக் கூலியில்லாமல் சுமை தூக்க வைத்த முறைக்குப் பெயர் பேகார். துரைமார்களின் பெட்டி, படுக்கை, கூடாரம் எல்லாம் மலை ஏறியது அவர்கள் முதுகில்தான். 1920, 21இல் கோட்கர் பகுதியில் அதை எதிர்த்துப் பெரிய போராட்டம் நடந்தது. முன்னால் நின்றவர் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர். இமாச்சல் ஆப்பிள் என்று நாம் வாங்கிச் சாப்பிடுகிறோமே, அதை அங்கே பரப்பியவரும் அவர்தான். ஆப்பிள் கதையைச் சுற்றுலா வழிகாட்டி கண்டிப்பாகச் சொல்வார். பேகாரை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

"நம்ம ஊர்ல அதுக்கு என்ன பேரு?" என்று ஒருவன் கேட்டான். வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இருக்கிற சொல். கூலி கொடுக்காமல் வாங்கும் வேலை. "வெட்டியா சுத்தறான்" என்று இன்று வேலையில்லாதவனைச் சொல்கிறோம். ஓயாமல் உழைத்தவனின் சொல் எப்படி சும்மா இருப்பவனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் நான் கேட்டேன்: "செஞ்சிக் கோட்டை பாத்திருக்கீங்களா?" நான்கு பேரில் ஒருவரும் பார்த்ததில்லை. அண்ணாகிராமத்திலிருந்து பண்ருட்டி போய், விழுப்புரத்தில் ஒரு பஸ் மாறினால் செஞ்சி.

2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம் செஞ்சி. சிவாஜி 1677இல் அதைப் பிடித்தார், 1698 வரை மராத்தியர் கையில் இருந்தது. மொத்தமே இருபத்தோரு வருஷம். அதற்கு முன் கோனார்கள் தொடங்கியதாகச் சொல்லப்படும் கோட்டையை நாயக்கர்கள் பெரிதாக்கினார்கள், பிறகு பிஜப்பூர். மராத்தியருக்குப் பின் முகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். இத்தனை பேர் கைமாறிய கோட்டைக்கு இன்று உலகம் அறிந்த முகவரி 'மராத்திய' என்பது. கோட்டைக்குப் பெயர் வைப்பவர்கள் யார், எதற்காக வைக்கிறார்கள் என்பதும் வரலாற்றில் ஒரு பாடம்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் மையத்துப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று குன்றுகளைச் சுவர்கள் இணைத்திருக்கும். எல்லோருக்கும் தெரிந்த செஞ்சி இதுதான். கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக்குளம், சாதத்துல்லா கான் பள்ளிவாசல், வெங்கட்ரமணர் கோயில் எல்லாம் பார்த்தோம். ராஜகிரி ஏறும்போது பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். நிழலில் ஓய்வெடுத்தபோது, நான் எடுத்துப்போயிருந்த வரலாற்றுக் குறிப்பை ஒரு பையன் சத்தமாக வாசித்தான். அதில் நான்காவதாக ஒரு சிறிய குன்றின் பெயர் வந்தது. அதற்கும் காவல் அரண் உண்டு. பழைய நூல்களில் அதன் பெயர் சக்கிலி துர்க்கம். முகலாயர் முற்றுகையைப் பற்றி எழுதும் வடநாட்டு நூல்களில் சமார் டிக்ரி. இரண்டுக்கும் பொருள் ஒன்றே: தோல் வேலை செய்பவர்களின் குன்று.

வாசித்தவன் சிரித்தான். நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் தண்ணீர் பாட்டிலைத் திருகி மூடிக்கொண்டே இருந்தாள். எங்கள் பகுதியில் அருந்ததியர் வீடுகள் கொஞ்சம்தான். அவள் அதில் ஒரு வீட்டுப் பெண்.

இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும். அன்று சிரித்தவர்கள் ஆதிக்க சாதிப் பிள்ளைகள் இல்லை. எங்கள் தெருப் பிள்ளைகள். பறையர் வீட்டுப் பிள்ளைகள். ஊர்க்காரன் நம்மை அந்தத் தொனியில் பெயர் சொல்லி அழைத்தால் எரிமலையாகிறோம். நமக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு நம் பிள்ளைகளின் வாயில் சிரிப்பாக வந்து நிற்கிறது. அன்று நான் செய்தது அதட்டியது மட்டும்தான். அது போதாது என்று பஸ்ஸில் வரும்போதே தெரிந்துவிட்டது. அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்: "அக்கா, நெசமாவே அந்த மலைக்கு அதான் பேரா? எங்க ஆளுங்க அங்க என்னா பண்ணிருப்பாங்க?"

நல்ல கேள்வி. அடுத்த வாரம் மையத்தில் அதையே பாடமாக வைத்தேன். ஒரு கோட்டைக்குத் தோல் எதற்கெல்லாம் வேண்டும் என்று கரும்பலகையில் எழுதச் சொன்னேன். குதிரைக்குச் சேணம், கடிவாளம், வார். சிப்பாய்க்குச் செருப்பு, இடைக்கச்சை, வாள் உறை, கேடயம். வெடிமருந்து நனையாமல் வைக்கப் பை. கொல்லனின் உலைக்குத் துருத்தி. கிணற்றிலிருந்து கவலை கட்டி இறைக்கத் தோல் சால். மலைமேல் தண்ணீர் கொண்டுபோகத் தோல் பை. முரசு, தப்பு, பறை. பலகை நிறைந்துவிட்டது. தோல் இல்லாமல் ஒரு கோட்டை ஒரு வாரம் நிற்காது. மன்னன் இல்லாமல் நிற்கும், செஞ்சியே அப்படிப் பலமுறை நின்றிருக்கிறது.

அருந்ததியர் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவதற்குக் காரணம், நாயக்கர் படைகளோடு அவர்களின் முன்னோர் தெற்கே வந்ததுதான் என்ற கருத்து பரவலாக உண்டு. படை போகும் இடமெல்லாம் தோல் தொழிலாளியும் போயாக வேண்டும். செஞ்சி நாயக்கர்களின் தலைநகரம். அங்கே ஒரு குன்றே அவர்கள் பெயரில் இருப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. வழி காட்டும் பலகை ஒன்றும் அன்று எங்கள் கண்ணில் படவில்லை என்பதுதான் உறுத்துகிறது. கோட்டைக்குள் செட்டிகுளம் இருக்கிறது, வெட்டிய செட்டியாரின் பெயர் அதில் நிலைத்துவிட்டது. அதை வசவாக யாரும் எண்ணுவதில்லை. நம் பெயர் ஒரு மலைக்கு இருந்தால் மட்டும் அது கெட்ட வார்த்தை.

செஞ்சியைப் பற்றிப் பாடமாகச் சொல்லப்படும் இன்னொரு விஷயம், முகலாயர் முற்றுகை. 1690 முதல் 1698 வரை எட்டு ஆண்டுகள் சுல்பிகர் கானின் படை கோட்டையைச் சுற்றி இருந்தது. சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே. வீரக்கதையாகப் படித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எட்டு வருஷம் இரண்டு படைகள் ஒரு வட்டாரத்தில் தின்றால், அந்த வட்டாரத்தில் என்ன மிஞ்சும்? இதற்கு விடை டச்சுக்காரர்களின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. 1694க்கும் 1696க்கும் இடையில் சோழமண்டலக் கரையிலிருந்து 3,859 பேர் அடிமைகளாக இலங்கைக்குக் கொண்டுபோகப்பட்டிருக்கிறார்கள். தனியார் வியாபாரிகள் கொண்டுபோன கணக்கு அது. அதற்கு முன் 1659 முதல் 1661 வரை, பிஜப்பூர் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடியபோது, டச்சுக் கம்பெனி வாங்கியவர்கள் 8,000 முதல் 10,000 பேர். நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கப்பல் ஏறினார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கு, கொஞ்சம் பேர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும்.

அந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள் யார்? போர் வந்தால் நிலமுள்ளவன் விதைநெல்லைப் புதைத்து வைத்துவிட்டு ஓடுவான். நிலமில்லாதவனிடம் புதைக்க ஒன்றுமில்லை. அவன் பிள்ளைதான் விலைக்குப் போகும். இதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை என்று நினைக்கிறேன். ராஜாராமின் வீரத்தைச் சொல்லும்போது இந்த 3,859 பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி நம் வீட்டுக்குக் கிட்டே வருவோம். முற்றுகைக்குள் இருந்த ராஜாராமுக்குப் பணம் வேண்டியிருந்தது. 1690இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார்கள். வாங்கியவர் சென்னையில் ஆளுநராக இருந்த எலிஹு யேல். செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார். விற்பனை ஒப்பந்தம் விசித்திரமானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு. நல்ல பீரங்கியாகப் பார்த்து, நல்ல பீரங்கிக்காரனை வைத்து நாலா பக்கமும் சுட்டார்கள். கடலூர் ஊரே உள்ளே வந்துவிட்டது. குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்ற பெயர்கள் அதனால் வந்தவை என்று கடலூரில் சொல்வார்கள்.

பொது அறிவுத் தேர்வுக்கு இந்தக் கதையைப் படித்திருப்பீர்கள். இன்னொரு கோணத்தில் பாருங்கள். ஊர்களுக்கிடையே எல்லைத் தகராறு வந்தால், தலையில் குடம் சுமந்து எல்லை நெடுக நடந்து காட்டுவது பறையர் ஒருவரின் வேலையாக இருந்ததை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த வரப்பு எங்கே முடியும், எந்தக் கல் யாருடையது என்பது அவர் காலுக்குத் தெரியும். அவர் சொல்லே தீர்ப்பு. ஒரு அடி நிலம் அவருக்குக் கிடையாது, ஆனால் ஊரின் எல்லை முழுவதும் அவர் நினைவில் இருந்தது. அப்படிப்பட்ட எல்லைகளை ஒரே நாளில் பீரங்கிக் குண்டு அழித்து எழுதியது. விற்ற ராஜாவும் கேட்கவில்லை, வாங்கிய யேலும் கேட்கவில்லை. நிலத்தோடு அதில் உழைத்தவர்களும் சேர்ந்தே கைமாறினார்கள்.

யேலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர் இவரே. 1687இல் சென்னைக் கோட்டையிலிருந்து ஒரே மாதத்தில் குறைந்தது 665 அடிமைகள் ஏற்றுமதியானார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலிலும் பத்து அடிமைகளாவது ஏற்றப்பட வேண்டும் என்று முடிவெடுத்த காலத்தில் கோட்டை நிர்வாகத்தில் இருந்தவர் யேல். 2024இல் அந்தப் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்கு மன்னிப்புக் கேட்டது. அங்கே படித்த மாணவர்களும் ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் கேள்வி கேட்டதால் வந்த மன்னிப்பு அது. கெடிலம் கடலில் கலக்கும் இடத்தில் நிற்கும் நமக்கும் கேட்க உரிமை இருக்கிறது.

தேவனாம்பட்டினத்தில் இன்று பார்க்க அதிகம் இல்லை. 1758இல் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளியது. ஆனால் அதற்குப் பத்து வருஷம் முன், 1748 ஜனவரியில், ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற அதிகாரி இங்கே வந்து இறங்கினார். உதிரியாக இருந்த கம்பெனிச் சிப்பாய்களைப் பட்டாளமாகத் திரட்டத் தொடங்கியவர் அவர். இந்திய ராணுவத்தின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். அந்தச் சென்னைப் பட்டாளத்தில் பறையர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். 1780இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் மண் வெட்டவும் பாலம் கட்டவும் சுரங்கம் தோண்டவும் எங்கள் ஆட்களே முன்னால் நின்றார்கள். 'தம்பி' என்ற பெயர் அந்தப் படைக்கு இன்றும் இருக்கிறது. பிறகு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'வீர இனம்' என்றொரு கொள்கையை ஆங்கிலேயர் கொண்டுவந்தார்கள். தென்னிந்தியன் போருக்கு லாயக்கில்லை, தீண்டத்தகாதவன் அதைவிட லாயக்கில்லை என்று ஆள்சேர்ப்பைச் சுருக்கினார்கள். மகாராஷ்டிரத்தில் மகார்களுக்கும் இதே கதி. 1818 ஜனவரி 1இல் நடந்த கோரேகான் போரின் நினைவுத் தூணில் 22 மகார்களின் பெயர் இருக்கிறது. அந்தச் சாதிக்கே பின்னாளில் பட்டாளக் கதவு மூடியது. 1927 ஜனவரி 1இல் அண்ணல் அம்பேத்கர் அந்தத் தூணுக்குப் போனதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

கம்பெனிப் பட்டாளத்தில் இருந்தோம் என்று மார்தட்டுவதில் எனக்குக் கொஞ்சம் சங்கடம் உண்டு. வெள்ளைக்காரனுக்குக் கூலிக்குச் சண்டை போட்டது என்ன பெருமை என்று கேட்பவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். ஆற்காட்டு நவாபும் தஞ்சை மராத்தியரும் அதே கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள், அதை ராஜதந்திரம் என்று பாடப்புத்தகம் எழுதுகிறது. சேரியில் இருந்தவனுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்றும், மேலே துணி போட்டு நிமிர்ந்து நடக்கும் உரிமையும் முதன்முதலில் கிடைத்த இடங்களில் பட்டாளம் ஒன்று.

இந்தப் போர்களில் நம் பக்கத்துக் கோயில்கள் கோட்டைகளாக மாறியதைப் பலர் கவனிப்பதில்லை. அண்ணாகிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருவதிகைக் கோயில் மதில் 1750களில் பிரெஞ்சுக்காரர் கையிலும் ஆங்கிலேயர் கையிலும் மாறி மாறி இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் சிதம்பரம். 1749இல் ஆங்கிலப் படை அங்கே தங்கியது, 1753இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், 1781இல் ஹைதர் அலி உள்ளே படை வைத்தார். அந்த ஜூனில் அயர் கூட் தாக்கிப் பார்த்துத் தோற்றுத் திரும்பினார். பீரங்கி, வெடிமருந்து, குதிரை, பல மதத்து, பல சாதிச் சிப்பாய்கள் எல்லாம் அந்த மதிலுக்குள் இருந்த காலம் அது. உள்ளே போக நந்தனார் மட்டும் தீயில் இறங்க வேண்டியிருந்தது. தெற்கு வாசல் வழியே அவர் வந்ததால்தான் அங்கே அடைப்பு இருக்கிறது என்று மக்கள் சொல்வதையும், அதைத் திறக்கச் சொல்லிப் போராட்டங்கள் நடந்ததையும் சிதம்பரம் போகும்போது மறக்காதீர்கள். அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பக்தராக ஏற்கவே இல்லை. அவர் எழுதிய வரலாற்றில் நந்தன் ஒரு பௌத்த அரசன்.

அருங்காட்சியகம் பற்றிக் கேட்டவர்களுக்கும் ஒரு குறிப்பு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் பார்க்கத் தவறாதீர்கள். ஆனால் 1885 முதல் 1908 வரை அதன் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் சிலைகளோடு நிற்கவில்லை. அளவுகோலும் இடுக்கியும் வைத்து மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் அளந்தார். மூக்கு அகலத்தை வைத்துச் சாதிகளை மேலிருந்து கீழ் அடுக்கப் பார்த்தார். 1909இல் வந்த அவருடைய ஏழு தொகுதிகளை இன்றும் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுகிறோம். நானும் முதுகலையில் காட்டியிருக்கிறேன். பார்வையாளராக நாம் நுழைவதற்கு முன்பே காட்சிப் பொருளாக நுழைந்துவிட்ட இடம் அது.

பார்வையாளராக நுழைவதும் சுலபமாக நடந்ததில்லை. 1934இல் அம்பேத்கரும் இயக்கத் தோழர்கள் முப்பது பேரளவிலும் எல்லோரா பார்க்கப் புறப்பட்டு, வழியில் தௌலதாபாத் கோட்டைக்குப் போனார்கள். சுற்றுலாதான், போராட்டம் இல்லை. பயணத் தூசியைக் கழுவ வாசலில் இருந்த குளத்துத் தண்ணீரை எடுத்து முகம் கால் கழுவினார்கள். ஒரு பெரியவர், தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். கூட்டம் கூடிவிட்டது. எங்கள் ஆட்களில் ஒருவர் முஸ்லிமாக மாறியிருந்தால் தடுப்பீர்களா என்று அம்பேத்கர் திருப்பிக் கேட்டபின் சத்தம் அடங்கியது. கடைசியில் உள்ளே விட்டார்கள். ஆனால் எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய ஒரு சிப்பாய் கூடவே வந்தான். இந்து அல்லாதவரிடமும் தீண்டாமை ஒட்டிக்கொண்டிருந்ததைக் காட்ட அம்பேத்கர் இதைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். இன்று சீட்டு வாங்கிக்கொண்டு செஞ்சிக்குள் செல்ஃபி எடுக்கிறோம். நமக்கு முந்தைய தலைமுறை கோட்டை பார்த்த விதம் இது.

நம் ஆட்களின் பெயரில் இருக்கும் இடங்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் பள்ளியும் மடமும். கோயிலுக்குள் விடாத ஊரில் நந்தனார் பெயராலேயே பள்ளிக்கூடம் கட்டிய மனிதர். அவர் நினைவு மண்டபமும் அங்கேதான். இளையபெருமாள் நூற்றாண்டு அரங்கம் 2025 ஜூலையில் சிதம்பரத்தில் திறக்கப்பட்டது, செஞ்சி யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அதே மாதம். தீண்டாமை நாடு முழுவதும் எப்படி இருக்கிறது என்று 1969இல் அறிக்கை கொடுத்த குழுவின் தலைவர் அவர். செஞ்சிச் செய்தி எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. இதை எத்தனை பேர் பார்த்தீர்கள்?

செஞ்சி குன்றின் பெயரை என்ன செய்வது என்று மையத்தில் இரண்டு மாதமாகச் சண்டை. வசவாகப் பயன்படும் சொல், மாற்றியே ஆக வேண்டும் என்று ஒரு கட்சி. பெயரை எடுத்துவிட்டால் நாம் அங்கே இருந்ததற்கான ஒரே சாட்சியும் போய்விடும் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சிப் பக்கம் சாய்ந்திருந்தேன். அந்தப் பெண் சொன்னாள்: "அக்கா, உங்களுக்கு அது சாட்சி. எனக்கு அது ஸ்கூல்ல கேக்கற வார்த்த." என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது தொல்லியல் துறைக்கு ஒரு மனு எழுதுகிறோம். அருந்ததியர் குன்று என்று பெயர்ப்பலகை வைக்க வேண்டும், பழைய பெயர் பதிவில் இருப்பதையும் தோல் தொழிலாளர்கள் இந்தக் கோட்டைக்குச் செய்த வேலையையும் அதே பலகையில் விளக்கமாக எழுத வேண்டும், தமிழில் முதலில். மனுவின் வாசகத்தை அவள் எழுதியிருக்கிறாள். அன்று சிரித்தவன் கணினியில் தட்டச்சு செய்கிறான், எழுத்துப்பிழைக்கு அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு.

கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் பொங்கலுக்குள் சொல்லுங்கள். மனு கொடுப்பதற்கு முன் எல்லோருமாக ஒருமுறை செஞ்சி போகிறோம். காலை ஆறு மணி பஸ். வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிட வேண்டும், குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தமுறை முதலில் நான்காவது குன்று.